திரை எழும்பாத மடிக்கணினி: லினக்ஸ் கிராபிக்ஸ் கோளாறுக்குப் பொறுப்பு யார்?

கெர்னல் அப்டேட் முடிந்து மடிக்கணினியை மறுபடி பூட் செய்தால் திரை எழும்பவில்லை. விசிறி சுற்றுகிறது, விசைப்பலகை விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு. கோளாறை எங்கே தேடுவது? இந்தக் கேள்விக்கு லினக்ஸ் உலகம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லிவருகிறது, பதில்கள்தான் ஒத்துப்போனதில்லை. சிப் தயாரிப்பாளர் மூலநிரலை மூடி வைத்திருப்பதே காரணம் என்பது ஒரு கட்சி. கெர்னல்காரர்கள் உள் இடைமுகத்தை நினைத்தபோதெல்லாம் மாற்றுவதே காரணம் என்பது எதிர்க்கட்சி. மடிக்கணினியின் வயரிங்கையும் பயாஸையும் கைகாட்டுவோர் உண்டு. டெஸ்க்டாப்பின் அடியிலிருக்கும் எக்ஸ் அல்லது வேலண்ட் மேல் பழியைப் போடுவோரும் உண்டு.

இந்தச் சண்டை கெர்னல் பொறியாளர்களோடு நின்றுவிடவில்லை. இன்று வாய்வழியாகப் பரவும் ஒவ்வொரு கைவைத்தியத்துக்கும் அடியில் இவற்றில் ஏதோ ஒரு கட்சியின் வாதம் கிடக்கிறது. 'நோமோட்செட் போட்டுப் பார்' என்பவர் கெர்னலைச் சந்தேகிக்கிறார். 'டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு' என்பவர் தயாரிப்பாளரைச் சந்தேகிக்கிறார். 'லாகின் திரையில் எக்ஸுக்கு மாறு' என்பவருக்குப் புதிய காட்சி நெறிமுறையான வேலண்ட் மேல் நம்பிக்கையில்லை. காரணம் மறைந்த பிறகும் வைத்தியம் மட்டும் தங்கிவிடுவதுதான் இந்தத் துறையின் உண்மையான சிக்கல் என்று தோன்றுகிறது. அதனால் எந்தக் கட்சி எப்போது, எதைப் பார்த்து உருவானது என்று அறிவது வரலாற்று ஆர்வத்துக்காக மட்டுமல்ல. பழுது பார்ப்பவருக்கே அது தேவை.

திரை கெர்னல் கைக்குப் போனபோது

2009 வரை திரையின் அளவையும் தெளிவுத்திறனையும் அமைப்பது எக்ஸ் சர்வரின் வேலையாக இருந்தது. ரூட் அதிகாரத்தோடு ஓடி வன்பொருளை நேரே தொட்ட அந்த நிரல் விழுந்தால் திரையும் விழும். கெர்னல் பிழைத்திருந்தாலும் அதைக் காட்ட வழி இருக்காது. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 கெர்னலில் இன்டெல் சிப்களுக்கு இந்தப் பொறுப்பு கெர்னலுக்கு மாறியது. மற்ற திறந்த டிரைவர்களும் விரைவிலேயே அதே வழிக்கு வந்தன.

இதனால் கோளாறு நேரும் இடமும் மாறியது. இன்றைய மடிக்கணினி பூட் ஆகும்போது திரை மூன்று முறை கை மாறுகிறது. முதலில் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஓர் எளிய ஃப்ரேம்பஃபரை அமைத்துத் தருகிறது. தயாரிப்பாளரின் லோகோவும், எந்தக் கெர்னலில் ஏறுவது என்று கேட்கும் கிரப் பட்டியலும் அதில்தான் தெரிகின்றன. எழுந்து வரும் கெர்னல் அதே ஃப்ரேம்பஃபரை வாங்கி எழுத்துகளை ஓட்டுகிறது. சில நொடிகளில் இன்டெல்லுக்கான ஐ915, ஏஎம்டிஜிபியு, நூவோ போன்ற உண்மையான டிரைவர் வந்து திரையைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. கடைசியாக டெஸ்க்டாப் அதைப் பெறுகிறது. கிரப் தெரிந்து, நாலு வரி எழுத்தும் ஓடி, அதன்பின் கருத்தால் உண்மையான டிரைவர் நுழைந்த கணத்தில் ஏதோ நடந்திருக்கிறது. லாகின் திரை வரை வந்து, பாஸ்வேர்டு அடித்த பிறகு போனால் கெர்னலைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். திரை எப்போது கருத்தது என்பதை ஒழுங்காகக் கவனித்தாலே பாதி சந்தேகங்கள் கழிந்துவிடும். கோளாறைச் சொல்ல வருபவர்கள் அதிகம் விட்டுவிடும் தகவலும் இதுவே.

நோமோட்செட் என்ற வைத்தியம் இந்த மாற்றத்தின் குழந்தை. கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, கெர்னல் பெயர் வரும் வரியின் கடைசியில் அந்தச் சொல்லைச் சேர்த்தால், திறந்த டிரைவர்கள் திரையைக் கையில் எடுக்காமல் ஒதுங்கிக்கொள்ளும். ஃபர்ம்வேர் தந்த பழைய ஃப்ரேம்பஃபரிலேயே டெஸ்க்டாப் ஓடும். படங்களைக் கிராபிக்ஸ் சிப்புக்குப் பதில் சிபியு வரையும். சந்தேகம் சரிதானா என்று பார்க்க அருமையான கருவி இது. ஆனால் பலர் இதை நிரந்தரமாக எழுதி வைத்துவிடுகிறார்கள். பிறகு வீடியோ திக்குகிறது, வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்யவில்லை, மூடித் திறந்தால் எழவில்லை என்று தனித்தனிப் புகார்களாக வருகின்றன. நோய் ஒன்றுதான்.

மூடிய நிரல் என்ற குற்றச்சாட்டு

2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் பேசினார். தாங்கள் கையாண்ட நிறுவனங்களிலேயே மிக மோசமானது என்விடியா என்று சொல்லி, கேமராவைப் பார்த்து நடுவிரலையும் காட்டினார். அந்தக் காட்சி உலகம் சுற்றியது. அதைத் தூண்டிய கேள்வி மட்டும் அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை: இரண்டு கிராபிக்ஸ் சிப் கொண்ட ஆப்டிமஸ் மடிக்கணினியில் லினக்ஸ் ஓட்டப் படும் பாட்டைப் பற்றிய கேள்வி அது.

மூடிய டிரைவரை எதிர்க்கும் வாதம் எளிது. கெர்னலுக்குள் ஓடும் ஒரு பகுதியின் மூலநிரல் யாருக்கும் தெரியாதென்றால், அங்கே விழும் பிழையைக் கெர்னல் பொறியாளர் தேட முடியாது. அதனால்தான் மூடிய மாட்யூல் ஏறிய கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறியோடு வரும் புகார்களைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மாற்றாக வந்த நூவோ, என்விடியா சிப்களின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்து எழுதப்பட்ட திறந்த டிரைவர். அது 2010-இல் 2.6.33 கெர்னலில் இடம்பெற்றது. ஆனால் 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை மாக்ஸ்வெல் சிப்களிலிருந்து என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேரைத் தவிர வேறெதையும் சிப் ஏற்காது என்றானது. நூவோவால் திரையைக் காட்ட முடிந்தது. சிப்பின் வேகத்தை ஏற்ற முடியவில்லை.

மறுபக்கம் ஏஎம்டி, ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய மறு ஆண்டான 2007-இல் சிப் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015-இல் 4.2 கெர்னலில் வந்த ஏஎம்டிஜிபியு, பழைய மூடிய டிரைவருக்கு விடைகொடுக்க வழிசெய்தது. இன்டெல்லின் முதன்மை டிரைவர் நெடுங்காலமாகவே திறந்தது. இவற்றைக் காட்டி, திறந்தால் தீரும் என்று முடிவுகட்டுவது எளிது.

இந்த இடத்தில்தான் வாதம் பலவீனமாகிறது. இன்டெல் பெயர் தாங்கிய எல்லாமே திறந்தவையாக இருந்ததில்லை. 2008 வாக்கில் நெட்புக்குகளில் வந்த ஜிஎம்ஏ 500, இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. 'இன்டெல் என்றால் கவலையில்லை' என்று நம்பி வாங்கியவர்கள் பட்ட அவதி கொஞ்சமல்ல. முழுக்கத் திறந்த ஐ915-இலும், மின்சாரம் மிச்சப்படுத்தத் திரையே தன் படத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியால் சில மாடல்களில் மினுக்கலும் உறைவும் ஆண்டுக்கணக்கில் வந்திருக்கின்றன. ஏஎம்டியின் முதல் ரைசன் மடிக்கணினிகள் 2018 வாக்கில் கைக்கு வந்தபோது, திறந்த டிரைவர் இருந்தும் உறைந்து நின்ற கதைகள் ஏராளம். திறந்த டிரைவரிலும் கோளாறு வரும். எந்தக் கெர்னல் பதிப்பில், எந்த மாற்றத்தால் வந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்பதே அங்குள்ள வித்தியாசம். அந்த வித்தியாசம் பெரிதுதான். ஆனால் நாளைக் காலை தேர்வுக்குப் போக வேண்டிய மாணவருக்கு அது உடனே உதவப்போவதில்லை.

நிலையில்லாத இடைமுகம் என்ற எதிர்வாதம்

தயாரிப்பாளர்களின் தரப்பு வேறு. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த டிரைவர் மாதிரியைப் பின்பற்றி எழுதிய டிரைவர், அப்டேட்கள் வந்துகொண்டே இருந்தாலும் ஓடுகிறது. லினக்ஸில் மட்டும் ஏன் ஒவ்வொரு கெர்னலுக்கும் உடைகிறது? இதற்கு கிரெக் க்ரோ-ஹார்ட்மன் எழுதிய பதில் கெர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. உள் இடைமுகம் நிலையாக இராது, இருக்கவும் கூடாது. டிரைவரைக் கெர்னல் மரத்துக்குள் கொடுத்துவிட்டால், இடைமுகத்தை மாற்றுபவரே அதையும் திருத்திவிடுவார் என்பது அதன் சாரம்.

கொள்கையாக இது உறுதியானது. ஆனால் உள்ளே வருவதும் அவ்வளவு சுலபமில்லை என்பதை ஏஎம்டியின் அனுபவம் காட்டியது. விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும்படி எழுதிய பெரிய காட்சி நிரல்தொகுப்பை 2016 டிசம்பரில் அது கொண்டுவந்தபோது, கிராபிக்ஸ் பகுதியின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி ஏற்கவில்லை. கெர்னலுக்குள் இன்னொரு தனி அடுக்கைக் கட்டுவதை அனுமதிக்க முடியாது என்றார். திருத்தப்பட்டு 4.15-இல் அது நுழைந்தது 2018 ஜனவரியில். அதற்கு முன்பே, 2012-இல், கதை தலைகீழ். இரண்டு சிப்கள் படத்தைப் பகிர உதவும் டிஎம்ஏ-பஃப் வசதி ஜிபிஎல் உரிமம் கொண்ட மாட்யூல்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் குறியை நீக்கும்படி என்விடியா கேட்டபோது, ஆலன் காக்ஸ் உள்ளிட்டோர் மறுத்தனர். சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆப்டிமஸ் மடிக்கணினி வைத்திருந்தவர் காத்திருந்தார்.

மரத்துக்கு வெளியே நிற்கும் டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் பயனரின் கணினியிலேயே கட்டிக்கொடுக்க டெல் உருவாக்கியது டிகேஎம்எஸ். பெரும்பாலான 'அப்டேட்டுக்குப் பின் கருந்திரை' வழக்குகள் இங்கேதான் விசாரிக்கப்பட வேண்டியவை என்பது என் கணிப்பு. கெர்னல் வந்திருக்கும், அதன் ஹெடர் பொதி வந்திருக்காது. மாட்யூல் கட்டப்படாமல் நின்றிருக்கும். அல்லது கட்டப்பட்டிருக்கும், கையெழுத்தில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் அதை ஏற்க மறுத்திருக்கும். இந்த இரண்டாவது வழக்கைச் சற்று அருகில் பார்க்கலாம். உபுண்டுவில் என்விடியா டிரைவரை நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். எதற்கென்று புரியாமல் ஏதோ ஒன்றை அடிப்போம். மறுபடி பூட் செய்யும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி எண்ணும். காபி எடுக்கப் போனவர் அதைத் தவறவிடுவார். பழக்கமில்லாத திரை என்று பயந்து 'பூட்டைத் தொடர்' என்பதைத் தேர்ந்தவரும் தவறவிட்டவரே. டிரைவருக்குக் கையெழுத்திட்ட சாவி பதிவாகாது, மாட்யூல் ஏறாது, கெர்னல் பதிவில் சாவி நிராகரிக்கப்பட்டதாக ஒரு வரி இருக்கும். இங்கே சிப் தயாரிப்பாளர் மேலோ கெர்னல் மேலோ தவறில்லை. டிரைவரை அழித்து மறுபடி போட்டால் சில நேரம் தீர்வது, அந்த நீலத் திரை மறுபடி வருவதால்தான்.

இரண்டு சிப், ஒரு திரை

மேலே சொன்ன இரு கட்சிகளும் மேசைக் கணினியை மனத்தில் வைத்து வாதாடியவை. மடிக்கணினியின் சிக்கல் பெரும்பாலும் செப்புக் கோடுகளில் இருக்கிறது.

என்விடியா 2010 பிப்ரவரியில் அறிவித்த ஆப்டிமஸில், திரைக்கான வயர் இன்டெல் சிப்பிலிருந்து மட்டுமே போகும். என்விடியா சிப் படத்தை வரைந்து, இன்டெல்லின் நினைவகத்துக்கு நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். வேலையில்லாதபோது அது முழுக்க அணைந்துகிடக்கும். பேட்டரிக்கு நல்லது. ஆனால் லினக்ஸ் அதுவரை ஒரு சிப் வரைந்து இன்னொரு சிப் காட்டும் ஏற்பாட்டுக்குத் தயாராக இருக்கவில்லை. 2.6.34-இல் வந்த விஜிஏ ஸ்விட்செரூ ஒரு சிப்பை அணைத்து மற்றதை எழுப்பும் வேலையைச் செய்தது. படத்தைக் கடத்த பம்பிள்பீ என்ற தன்னார்வத் திட்டம் முளைத்தது. அது பலருக்கு வாழ்வளித்தது. 2011-இல் அதன் நிறுவல் ஸ்கிரிப்டின் அழிக்கும் கட்டளையில் பாதைக்கு நடுவே ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்து, யுஎஸ்ஆர் கோப்பகம் முழுவதையும் துடைத்துப்போட்டதும் நடந்தது. அரைகுறைக் கைவைத்தியத்தின் ஆபத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. என்விடியாவின் சொந்த டிரைவர் இந்தக் கடத்தலைத் தேவைப்படும் செயலிக்கு மட்டும் செய்யும் வசதியை 2019-இல், 435 வரிசையில்தான் கொடுத்தது. அறிவிப்புக்கும் அதற்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள்.

பல மாடல்களில் ஹெச்டிஎம்ஐ துளை நேராக என்விடியா சிப்போடு இணைந்திருக்கும், மடிக்கணினியின் சொந்தத் திரை இன்டெல்லோடு. என்விடியா டிரைவர் ஏறாவிட்டால் சொந்தத் திரை வேலை செய்யும், புரொஜக்டர் எழாது. இதைப் 'புரொஜக்டர் கேபிள் சரியில்லை' என்று பல கல்லூரிக் கருத்தரங்குகள் கடந்துபோயிருக்கும். எந்தத் துளை எந்தச் சிப்பில் என்பதைத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பெட்டியின் மேல் அச்சிடுவதில்லை.

ஃபர்ம்வேரின் பங்கும் இதோடு சேரும். வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகள் பெரும்பாலும் விண்டோஸோடு மட்டும் சோதிக்கப்பட்டவை என்பதால், இயங்குதளம் எது என்று அவை கேட்கும்போது லினக்ஸ் கெர்னல் தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது. பொய்தான், ஆனால் உண்மையைச் சொன்னால் யாரும் சோதித்திராத பாதையில் போக நேரும். திரை கருப்பாகத் தோன்றி, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரியும் வழக்கு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. படம் வந்திருக்கிறது, பின்னொளி மட்டும் எரியவில்லை. அங்கே கிராபிக்ஸ் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பின்னொளியை யார் ஆள்வது என்ற கெர்னல் அமைப்பைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

'லினக்ஸோடு விற்கும் மாடலையே வாங்கு' என்ற பதில் இந்தக் கட்சியிலிருந்து பிறந்தது. டெல் 2012-இல் எக்ஸ்பிஎஸ் 13-ஐ உபுண்டுவோடு விற்கத் தொடங்கியது ஒரு தொடக்கம். பதில் சரியானதே, ஏற்கெனவே ஒரு மடிக்கணினியை வாங்கிவிட்டவருக்கு அது பதிலே இல்லை.

எக்ஸும் வேலண்டும்

இது சுருக்கமான வழக்கு. 2008-இல் தொடங்கிய வேலண்டில், படத்துக்கான நினைவகத்தைப் பெற மற்ற டிரைவர்கள் ஜிபிஎம் வழியைப் பின்பற்ற, என்விடியா தனக்கென ஈஜிஎல்ஸ்ட்ரீம்ஸ் என்ற பாதையை வலியுறுத்தியது. 2021-இல் 495 டிரைவரில் ஜிபிஎம்முக்கு இறங்கிவந்தது. வரைந்து முடிந்ததா என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒத்திசைவு 2024-இல் 555 டிரைவரோடு வந்தபின், பழைய படமும் புதிய படமும் மாறி மாறி மினுக்கிய புகார்கள் பெருமளவு அடங்கின. 'என்விடியா என்றால் வேலண்ட் வேண்டாம்' என்ற அறிவுரை ஒரு காலத்தில் முழுக்கச் சரி. இப்போது அதைச் சொல்பவர் டிரைவர் எண்ணைக் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

காலாவதியான வைத்தியங்கள்

ஐ915-இன் ஆர்சி6 மின்சேமிப்பு, இன்டெல்லின் சாண்டிபிரிட்ஜ் சிப்களின் காலத்தில் கணினியை உறையவைத்தது. அதை அணைக்கும் கெர்னல் அளவுரு அப்போது பலரைக் காப்பாற்றியது. 2018 வாக்கில் அந்த அளவுருவே நீக்கப்பட்டுவிட்டது. இன்றும் சிலர் அதை கிரப் கோப்பில் எழுதிவைக்கிறார்கள். கெர்னல் தெரியாத அளவுரு என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகிறது. அதே வேளையில் வேறு ஏதோ காரணத்தால் கோளாறு நின்றால், பெருமை அந்த வரிக்குப் போய்ச் சேரும்.

எனவே எந்தக் கட்சியையும் நம்பாமல் தடயத்திலிருந்து தொடங்குவதே பொறுப்பான வழி எனலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரை வருகிறதா என்று பார்ப்பது முதல் படி. வந்தால் கெர்னல் உயிரோடிருக்கிறது. கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்து ஏறினால், ஜர்னல்சிடிஎல் மூலம் தோற்றுப்போன முந்தைய பூட்டின் பதிவைப் படிக்கலாம். எல்எஸ்பிசிஐ கட்டளை ஒவ்வொரு சிப்பையும் எந்த டிரைவர் உண்மையில் பிடித்திருக்கிறது என்று சொல்லும். எது நிறுவப்பட்டது என்பதும் எது பிடித்திருக்கிறது என்பதும் வேறு வேறு. நூவோவும் என்விடியா டிரைவரும் ஒரே சிப்பைப் பங்குபோட முடியாது. நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்தும், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பிக்காமல் விட்டால் தடை செல்லாது. டெஸ்க்டாப் வந்தும் எல்லாம் மந்தமாக இருந்தால், ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் எல்எல்விஎம்பைப் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சிபியுதான் படம் வரைந்துகொண்டிருக்கிறது.

தீராமல் நிற்பவை

2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2018-இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் அது பொருந்தும். பிளாக்வெல் சிப்களுக்குத் திறந்த மாட்யூல் மட்டுமே உண்டு. திறந்த கிராபிக்ஸ் தொகுப்பான மேசாவில் என்விகே என்ற திறந்த வல்கன் டிரைவர் வளர்ந்திருக்கிறது. ரஸ்ட் மொழியில் எழுதப்படும் நோவா என்ற திறந்த டிரைவரின் முதல் துண்டு 2025-இல் 6.15 கெர்னலில் சேர்ந்தது. முதல் கட்சி வென்றது போலத் தோன்றும். ஆனால் திறந்த மாட்யூல் சாத்தியமானதே, பெரும்பகுதி வேலை சிப்பிலேயே ஓடும் ஜிஎஸ்பி ஃபர்ம்வேருக்குள் போய்விட்டதால்தான். பல பத்து மெகாபைட் அளவுள்ள அந்தக் கோப்பு மூடியது, கையெழுத்திடப்பட்டது. அதற்குள் எழும் பிழையைக் கெர்னல் பொறியாளர் இன்றும் எண்களாக மட்டுமே பார்க்கிறார். அந்தக் கோப்புகள் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்ந்து, சிறிதாகப் பிரித்து வைத்த பூட் பகிர்வை நிரப்பிவிடுவது புதிதாகச் சேர்ந்த தொல்லை: இடமில்லாமல் கோப்பு பாதியில் நின்றால், அடுத்த பூட்டில் மறுபடி கருந்திரை.

இதைவிடக் கடினமான கேள்வி என்விடியாவின் பழைய மாக்ஸ்வெல், பாஸ்கல் சிப்களோடு விற்ற மடிக்கணினிகளுடையது. அவற்றில் ஜிஎஸ்பி இல்லை. அதனால் திறந்த மாட்யூல் பொருந்தாது. பாஸ்கலிலும் மாக்ஸ்வெல்லின் இரண்டாம் தலைமுறையிலும் கையெழுத்துப் பூட்டு இருப்பதால் நூவோவால் வேகத்தை ஏற்றவும் முடியாது. மூடிய டிரைவரில் 580 வரிசையே இவற்றுக்குக் கடைசி என்று என்விடியா 2025-இல் அறிவித்திருக்கிறது. முந்தைய 340, 390, 470 வரிசைகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால், சில காலம் லினக்ஸ் வினியோகங்கள் ஒட்டுப்போட்டுத் தாங்கும். பிறகு ஏதோ ஒரு கெர்னலில் மாட்யூல் கட்டப்படாமல் நிற்கும். அப்போது இரண்டாவது சிப்பை அணைத்துவிட்டு இன்டெல் சிப்பிலேயே ஓட்டுவது பலருக்குப் போதுமானதாக இருக்கலாம். ஹெச்டிஎம்ஐ துளை என்விடியா பக்கம் இருப்பவர்களுக்கு அதுவும் முழு வழியல்ல. நூவோவில் புரொஜக்டர் வரை எழக்கூடும். விளையாட்டும் வீடியோ எடிட்டிங்கும் அந்த வேகத்தில் நடக்குமா என்பது சந்தேகம். பழைய சிப்களின் ஃபர்ம்வேர் சாவியைத் தளர்த்தும்படி நிறுவனத்தைக் கேட்பதா, ஒரு பழைய நீண்டகால ஆதரவுக் கெர்னலிலேயே தங்கிவிடுவதா என்பதில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. அந்த நீண்டகாலக் கெர்னலுக்கும் ஆதரவு முடியும் ஆண்டு ஒன்று உண்டு.